என் முழங்காலில் குடியிருந்தது

அது என் வலது முழங்காலுக்குள் எப்படி வந்தது என்பதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று தோட்டத்தில் கிடைத்தது, மற்றது புத்தகத்தில். இரண்டில் எது அதிகம் பயமுறுத்தியது என்று கேட்டால், புத்தகத்தில் இருந்ததுதான்.

எழுபதுகளின் நடுவில், சுங்காய்க்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பந்துத் திடலுக்கு மூன்று பக்கம்தான் கோடு. நான்காவது பக்கம் முனியாண்டியின் எல்லை. வேலி கிடையாது. பால் மரங்கள் ஒதுங்கி நிற்கும் ஓர் இருட்டும், குங்குமம் காய்ந்த ஒரு கல்லும்தான் அடையாளம். பந்து அங்கே போனால் ஆட்டம் நிற்கும். பூட்ஸைக் கழற்றி, ஓரத்தில் நின்று, "பந்த எடுத்துக்கிறேன் சாமி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எதிரணிக்காரன்கூட அதுவரை காத்திருப்பான்.

அன்றைக்கு நாங்கள் ஒரு கோல் பின்னால். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பள்ளிக்கூடக்காரன் நான், புது பூட்ஸ்காரன். கழற்றவில்லை, கேட்கவில்லை, ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. வேரொன்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. முழங்காலுக்குள் 'டொக்' என்று, ரப்பர் பால் பிடிக்கும் மங்குக்குள் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

எங்கள் கேப்டன் டிராக்டர் ஓட்டுபவர், எல்லாருக்கும் அண்ணன். என்னைத் தூக்கி உட்கார வைத்து, இளநீர்க் காயாக வீங்கிக்கொண்டிருந்த முழங்காலைப் பார்த்தார். பிறகு பூட்ஸைப் பார்த்தார்.

"பூட்ஸோடயே ஏறுனியாடா?"

"அவசரத்துல, அண்ணே…"

"சரிதான். இனிமே நீ எங்க போனாலும் அது கூடவே வரும் லா. தொணைக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். வலிக்கு நடுவில் நானும் சிரித்தேன்.

பிறகு நான் டாக்டர் ஆனேன். அதிலும் எலும்பு டாக்டர். அப்போதுதான் இரண்டாவது பதில் கிடைத்தது. முழங்கால் முறுக்கிக்கொள்ளும்போது உள்ளே வழுவழுப்பாகப் பூசிய குருத்தெலும்பிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழலாம். விழுந்தது சாகாது. அதற்கு ரத்தம் வேண்டாம், நரம்பு வேண்டாம். மூட்டுக்குள் ஊறும் எண்ணெய் போன்ற நீரைக் குடித்தே உயிரோடு இருக்கும், அடுக்கடுக்காக வளரும், இருந்த இடத்தில் இராமல் ஊர்ந்து திரியும். ஆங்கிலப் புத்தகம் அதற்கு மூட்டு எலி என்று செல்லப்பெயர் வைத்திருந்தது. நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மேசைக்கடியில் கையை விட்டு முழங்காலைத் தொட்டேன். அது அங்கே இல்லை. அதாவது, அந்த நேரத்தில் அங்கே இல்லை.

குளிக்கும்போது வரும். முழங்கால் சில்லின் ஓரத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, முதலில் பட்டாணி மாதிரி; சில வருஷம் கழித்துப் புளியங்கொட்டை மாதிரி. அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மாதக்கணக்கில் ஆளைக் காணாது. அப்புறம் ஏதோ ஒரு படியில், ஏதோ ஒரு திருப்பத்தில், இரண்டு எலும்புக்கு நடுவே வந்து உட்காரும். கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்ளும். நீட்ட முடியாது, ஊன்ற முடியாது. கதவிடுக்கில் விரல் வைத்தவனைப்போல அசையாமல் காத்திருப்பேன். அதற்குத் தோன்றும்போது விடும்.

எண்பதுகளில் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு காலை, ஒருவருடைய தொடை எலும்பில் தகடு வைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது என் முழங்கால் பூட்டிக்கொண்டது. கையில் திருப்புளி. நெற்றி வேர்வையை நர்ஸ் துடைத்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். எதிரில் நின்ற பெரிய டாக்டர் மீதியை முடித்தார். கை கழுவும் இடத்தில்தான் சொன்னார். இன்னொரு முறை இப்படி ஆனால் உன்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் விட மாட்டேன், எக்ஸ்ரே படம் படித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டியதுதான் என்று. கோபமில்லாமல் சொன்னார். அதனால்தான் அது நிஜம் என்று தெரிந்தது. எங்கள் தொழிலில் பாதி, நிற்பது. நிற்க முடியாத சர்ஜன், குரல் போன பாட்டுக்காரன்.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சி வந்தது.

விளையாட்டுக்காரர்களின் காயத்துக்கென்று தனி வைத்தியம் வளர்ந்துகொண்டிருந்த காலம். அதுவரை முழங்காலுக்குள் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டுமானால் கத்தியால் நீளமாகத் திறக்க வேண்டும். பந்தாட்டக்காரன் வலிக்கிற காலோடு வருவான், விறைத்த காலோடு போவான். இப்போது பென்சில் தடிமனில் ஒரு குழாய்க் கண்ணாடி. ஆர்த்ரோஸ்கோப் என்று பெயர். சின்னத் துளை வழியாக அதை உள்ளே விட்டால், மூட்டுக்குள் இருப்பது டிவிப் பெட்டியில் தெரியும். இன்னொரு துளை வழியாகக் குறடு. மூட்டு விரிவதற்காக உயரத்தில் தொங்கும் பாட்டிலிலிருந்து உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கற்றுக்கொடுக்க, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பினாங்குச் சீனர் வந்தார். பல ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து எலும்பு டாக்டர்கள் கூடியிருந்தோம். நாங்கள் அவரை வாத்தியார் என்றோம். அவர் பேசியது ஆங்கிலம்; நினைவில் இப்போது தமிழாகவே கேட்கிறது.

முதலில் பிஸ்கட் டின்னில் பழக்கினார். டின்னில் குழாய் வழியாக ஓடவிட்ட தண்ணீர், அதில் வேகவைத்த கொண்டைக்கடலை. மூடியில் இரண்டு ஓட்டை. டிவியைப் பார்த்துக்கொண்டே குறட்டால் கடலையை நசுங்காமல் எடுக்க வேண்டும். கை ஓரிடம், கண் ஓரிடம். கடலை என் கூட்டாளியின் அப்பா கடையிலிருந்து வந்தது. அவன் தமிழ் முஸ்லிம், ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் மகன், என்னோடு படித்து என்னோடே வேலை பார்ப்பவன்; ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். கடலையை விரட்டி விரட்டிக் கூழாக்கிவிடுவான்.

"டாக்டர், இன்னும் கொஞ்சம் நசுக்குங்க, இன்னிக்கு மத்தியானம் கொழம்பு வச்சுரலாம்" என்பார் தியேட்டர் நர்ஸக்கா.

"எங்கப்பா டீ ஆத்துற கை லா இது, அக்கா. ஒரு சொட்டு கீழ விழாது. டின்னுதான் சரியில்ல."

வாத்தியார் சிரிக்க மாட்டார். துரத்தாதே என்பார். நீ துரத்தினால் தண்ணீரும் சேர்ந்து அதைத் தள்ளும். தண்ணீரை நிறுத்து. காத்திரு. வரும். இதைச் சொல்லிவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அதுதான் அவர் வழக்கம். பயிலுகிறவன் கருவியைக் கீழே வைத்து, என்னால் முடியாது என்று வாய்விட்டுச் சொல்லும்வரை அந்தக் கை பிரியாது.

டின் முடிந்து உண்மையான முழங்காலுக்கு நாள் குறித்தார்கள். தஞ்சோங் மாலிமிலிருந்து ஓர் ஓட்டக்காரர் வந்து சேர்ந்திருந்தார். தன் காலைப் பார்க்க இத்தனை டாக்டர்கள் வரிசையாக நிற்பதைக் கண்டதும், கழிவறைக்குப் போவதாகச் சொல்லி அப்படியே பஸ் ஏறிவிட்டார். வாத்தியார் எங்களைப் பார்த்தார். அன்று காலை படியிறங்கும்போது என் முழங்கால் பூட்டியிருந்தது. ஒரு கால் நுனியில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்து என் கையை உயர்த்தினான்.

"இவன் இருக்கான் சார்."

படம் எடுத்தோம். விளக்குப் பெட்டியில் மாட்டியபோது எல்லாரும் கிட்டே வந்தார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்பக்கத்தில், எலும்புகளின் இடுக்கில், உருண்டையாக வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு வளர்ந்துவிட்டதா! வாத்தியார் ஊதா மையால் என் தோலில் புள்ளி வைத்தார். இங்கே கண்ணாடி, இங்கே குறடு. சுலபம் என்றார். என் கையைத் தூக்கிவிட்ட மச்சானையே செய்யச் சொன்னார்.

அங்கேதான் டாக்டர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு நடந்தது. மற்ற எந்த நோயாளியாக இருந்தாலும் தள்ளுகட்டிலில் படுக்கவைத்து, காலை அசைக்காமல் கொண்டுபோயிருப்போம். வார்டு ஊழியர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தும் நின்றார். தினமும் என்னோடு பேசுகிறவர். நான் அந்தக் கட்டிலைப் பார்த்தேன், மச்சான் என்னைப் பார்த்தான்.

"நம்ம வார்டுல நாமளே படுத்துக்கிட்டுப் போறதா? மானம் போயிரும் லா. தோள்ல கையப் போடு மச்சான், நடந்தே போலாம்."

நடைவழியில் ஒரு சின்ன ஏற்றம் வரும். அதில் கால் வைத்தேன். டொக். கால் நீண்டது. வலியில்லாமல், தடையில்லாமல், பிறந்த கால் மாதிரி நீண்டது.

"ஏய், சரியாயிருச்சு!" என்று கத்தினான். கத்திய வாயை அவனே மூடிக்கொண்டான். இருவரும் நின்றுவிட்டோம். காலை வெயில் சன்னலில் அடித்துக்கொண்டிருந்தது, தூரத்தில் சுண்ணாம்பு மலை வெள்ளையாக நின்றது, யாருமில்லாத நடைவழியில் அவன் குரலைத் தாழ்த்தினான். வீட்டுக்குள் புகுந்த ஆளைப் பற்றிக் கேட்பதுபோல.

"எங்க போச்சு?"

முதுகில் ஊசி போடுவதற்காகப் பக்கவாட்டில் சுருண்டு படுத்தேன். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு. இடுப்புக்குக் கீழே வெதுவெதுப்பு பரவி, அப்புறம் ஒன்றுமில்லை. மல்லாத்தினார்கள். ஆனால் என் கால்கள் திரும்பி வரவில்லை. அவை அப்படியே மடங்கி, வயிற்றுக்கு மேலே, காற்றில் நின்றன. போர்வையில்லாத குளிர்கூட அவற்றின் மேல் படுவதுபோல் இருந்தது. அப்போது என் கண்ணுக்கு எதிரே, பழுப்பு மருந்து பூசிய ஒரு நீளமான காலை நர்ஸக்கா குதிகாலைப் பிடித்துத் தூக்கினார்.

யாருடையது அது?

கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "ஒங்களோடதுதான் டாக்டர்" என்றார் அவர், மெதுவாக.

இது எனக்குத் தெரிந்த விஷயம். மரத்துப்போகும் கணத்தில் கால் எப்படி இருந்ததோ, அந்த நிலையையே மனம் பிடித்துக்கொண்டிருக்கும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், காலு அங்கதான் இருக்கு, பயப்படாதீங்க என்று. சொல்லும்போது அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை.

டிவியில் வெளிச்சம் வந்தது. ஈப்போ மலைக் குகைகளுக்குள் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும்: வெள்ளைச் சுவர், வழுவழுப்பு, எங்கிருந்தோ ஒழுகும் ஈரம், கூரையிலிருந்து தொங்கும் பாசி நார்கள் தண்ணீரில் அசைகின்றன, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. இதுவா நான்? என் வயதோ, என் நிறமோ, நான் படித்த படிப்போ ஒன்றும் அங்கே எழுதியிருக்கவில்லை. எனக்குள் நான் இல்லாத ஓர் இடம்.

ஊதாப் புள்ளிக்கு நேரே முன்பக்கம் பார்த்தார்கள். காலி. சில்லுக்கு மேலே பை போன்ற இடம். காலி. பக்கவாட்டுச் சந்துகள். காலி. மச்சானின் மூச்சு முகமூடிக்குள் கேட்டது.

பிறகு அது வந்தது.

திரையின் கீழ் மூலையிலிருந்து, நிலா ஏறுவதுபோல, அவசரமில்லாமல். உருண்டையாக, எங்களைப் பார்த்துத் திரும்பியது. முகமில்லாத ஒன்று எப்படித் திரும்பிப் பார்க்கும்? பார்த்தது. தியேட்டரில் யாரும் அசையவில்லை. மச்சான் கருவியை நீட்டினான். அது மறைந்தது.

"அலாமாக்!"

மறுபடியும் வந்தது, நீட்டினான், போனது. சந்துக்குள் நுழைந்தான், அது பின்னால் போனது. பின்னால் தேடினான், அது கூரைக்கடியில் மிதந்தது. என்னை நடுங்க வைத்தது அதுவல்ல. திரையில் அது இடது பக்கம் நகரும்போது, காற்றில் மடங்கி நின்ற அந்த இல்லாத காலுக்குள், வலது பக்கமாக ஏதோ ஊர்வதை நான் உணர்ந்தேன். ஊசி போட்ட உடம்பில் உணர்ச்சி இருக்கக் கூடாது. இருந்தது. அவர்கள் தேடிய காலில் அது இல்லை, என்னிடம் இருந்த காலில் இருந்தது என்றே நினைத்தேன்.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். தொடையில் ரத்தத்தை நிறுத்திக் கட்டியிருந்த பட்டையை ரொம்ப நேரம் விட முடியாது. கிடைக்காவிட்டால் பழையபடி கத்தியால் திறந்துவிடலாம் என்று மற்றவர்களுக்கு விளக்கினார். இந்த நோயாளிக்கு அதன் பிறகு முழங்கால் முழுதாக நீளுமா என்பது சந்தேகம்தான் என்றும் சொன்னார். இந்த நோயாளி விழித்துக்கொண்டு படுத்திருப்பது அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு அந்த நாற்காலி தெரிந்தது. விளக்குப் பெட்டி, அதன் முன்னால் ஒரு நாற்காலி, அதில் ஓய்வு பெறும்வரை நான்.

"மச்சான்," என்றேன். "தண்ணிய நிறுத்து."

"பேசாமப் படு லா. நீ பேஷண்டு."

"டின்னுல செஞ்ச அதே தப்பத்தான் செய்ற. தொரத்தாத. நிறுத்து."

"கடல பேசாது மச்சான். நீ பேசுற, கை நடுங்குது."

யாரோ சிரித்தார்கள். வாத்தியாரின் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. மச்சான் ஒரு நிமிஷம் கருவியைப் பார்த்தான். கீழே வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அக்கா, தண்ணிய மூடுங்க" என்றான்.

சொட்டுச் சத்தம் நின்றது. திரையில் பாசி நார்கள் அசைவு குறைந்து, தொங்கி, அப்படியே நின்றன. தூசி படிவதுபோல வெண்துகள்கள் கீழே இறங்கின. நர்ஸக்கா முழங்காலின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அத்தனை முகமூடிகளும் ஒரு திசை பார்த்தன. மச்சான் வாய்க்குள் பிஸ்மில்லா சொன்னான். நான் என்ன சொன்னேன் என்று நிச்சயமாகத் தெரியாது. உதட்டுக்கு வந்தது, காய்ந்த குங்குமக் கல்லுக்கு முன்னால் பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்று சொல்லியிருக்க வேண்டியது.

எடுத்துக்கிறேன் சாமி.

அது வந்தது. மிதந்து அல்ல, உருண்டு, ஒரு பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. வாத்தியார் மூச்சு விடுவதுபோல ஒரு சொல் சொன்னார்: ஊசி. மச்சான் தோலுக்கு வெளியிலிருந்து ஒரு நீண்ட ஊசியை இறக்கி அதன் மேல் குத்தி நிறுத்தினான். மடங்கிய காலில் எனக்குச் சுருக்கென்றது. குறடு வந்தது, கவ்வியது. டீ ஆற்றும் கை என்று அவன் சொன்னது பொய்யில்லை. தோலின் துளையில் மாட்டிக்கொண்டபோது இழுக்காமல் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரு சொட்டும் சிந்தாதவன்போல வெளியே கொண்டுவந்தான். எஃகுத் தட்டில் டிங் என்றது.

நர்ஸக்கா என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரண்டு புளியங்கொட்டையை ஒன்றாகச் சேர்த்து உருட்டினால் வரும் அளவு. தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த பல் மாதிரி. என்னிடமிருந்தே உடைந்தது, என்னையே குடித்து வளர்ந்தது, என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

வாத்தியார் அதை வாங்கி உப்புத் தண்ணீர்க் குப்பியில் போட்டார். ஒன்று கிடைத்தால் இன்னொன்று இருக்கும், மறுபடி பாருங்கள் என்றார். பார்த்தார்கள். மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம் போய்வந்தது. குடியிருந்தவர் காலி செய்த வீடு மாதிரி இருந்தது.

மத்தியானம் வார்டில், போர்வைக்கடியில் கால் நேராகக் கிடப்பதைக் கண் பார்த்தது. எனக்கு அது மடங்கியே இருந்தது. வயிற்றுக்கு மேலே, பூட்டிய கால், என்றைக்கும் பூட்டுகிற அதே கோணத்தில். இது கழிந்துபோகும் என்று புத்தகம் சொல்லும். கழியாவிட்டால்? கண்ணுக்குத் தெரிகிற கால் பொய்யாக இருந்து, இதுதான் நிஜமாக இருந்தால்? மச்சான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடையிலிருந்து வந்த பரோட்டாவைத் தின்றுகொண்டிருந்தான்.

"எறங்கிருச்சா?"

"இல்ல."

"எறங்கும் லா. நீயே எல்லாருக்கும் சொல்ற கததான."

வெளியே மழை மலையை மறைத்தது. மழைக்கு நடுவில் எப்போதோ அந்தக் கால் இறங்க ஆரம்பித்தது. களைத்த கை தாழ்வதுபோல. தொடை தொடைக்குள் நுழைந்தது, கணுக்கால் கணுக்காலைத் தேடிக் கண்டுபிடித்தது. முழங்கால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நின்றது. பிறகு அதுவும் உள்ளே வந்தது. பெருவிரல் அசைந்தது.

"மடக்கு," என்றான் மச்சான், கையைத் துடைத்துக்கொண்டு. மடக்கினேன். "நீட்டு." நீட்டினேன். கடைசிவரை நீண்டது. "நில்லு." அவன் தோளைப் பிடித்து எழுந்தேன், பிறகு விட்டேன். பெரிய டாக்டர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். காயம் ஆறியதும் தியேட்டருக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாத்தியார் குப்பியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஊர்ப் பயிற்சியில் காட்ட வேண்டுமாம். அது எனக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கே போனாலும் கூடவே வரும் என்றார் டிராக்டர் அண்ணன். இப்போது அது வேறொருவரோடு ஊர் ஊராகப் போனது.

அந்த முழங்கால் அதன் பிறகு பூட்டவில்லை. முதல் பெரிய ஆபரேஷனில் காலையிலிருந்து மத்தியானம்வரை நின்றேன். லகாட் ரோட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர், கெண்டைக்கால் எலும்பு. கடைசித் தையலும் போட்டாகிவிட்டது. எதிரில் நின்ற நர்ஸக்கா கீழே பார்த்தார்.

"டாக்டர், காலு நல்லாயிருச்சுதான?"

"நல்லாயிருச்சு அக்கா. ஏன்?"

"அப்பறம் ஏன் எல்லா வெயிட்டையும் எடது கால்லயே போட்டு நிக்கிறீங்க?"

குனிந்து பார்த்தேன். வலது கால் லேசாக மடங்கி, பாரமில்லாமல், ஓரமாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே யாரோ இருந்தால் நசுங்கிவிடாதபடி.